கேமராவுக்கு ஒன்றுமில்லை

மூத்த மாப்பிள்ளைக்குக் கோபம் வரவழைக்கப் பெரிய வசவெல்லாம் தேவையில்லை. ‘ஆட்டோ ஃபோகஸ்’ என்று சொன்னால் போதும். பாதிச் சாப்பாட்டில் இருந்தாலும் எச்சில் கையோடு எழுந்து வந்துவிடுவார். “ஃபோகஸ் பண்றது யாரு? நானா, மிஷினா? எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்னா நான் எதுக்கு அங்க நிக்கணும், வேடிக்கை பாக்கவா?” என்று ஆரம்பித்தால், கேட்டவர் பாவம், வந்த வேலையை மறந்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஐம்பதைத் தொடப் போகிறவருக்கு இன்னும் என்ன மாப்பிள்ளைப் பட்டம் என்று கேட்காதீர்கள். அக்காவைக் கட்டியவரும் ஃபோட்டோகிராஃபர், தங்கையைக் கட்டியவரும் ஃபோட்டோகிராஃபர். பெண் வீட்டில் ஒருவரை மூத்த மாப்பிள்ளை என்றும் மற்றவரை இளைய மாப்பிள்ளை என்றும் கூப்பிட்டார்கள். அது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. மின்சாரக் கட்டணம் வாங்குகிற ஆள் வரைக்கும் அதைத்தான் சொல்கிறார். அவர்கள் இருவரும் மட்டும் ஒருவரை ஒருவர் ‘சகல’ என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த ஒரே வார்த்தையில் மரியாதையும் இருக்கும், ஊசியும் இருக்கும்.

ஒரே தெருவில் எதிரும் புதிருமாகக் கடை போட்டு அடித்துக்கொண்டிருந்தவர்களை அக்காவும் தங்கையும்தான் பேசிவைத்து ஒரே ஸ்டுடியோ ஆக்கினார்கள். முன்னால் கவுண்டர். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சாம்பல் நிறத் திரையும் குடை விளக்கும் உள்ள படம் எடுக்கும் அறை. மாடியில் கம்ப்யூட்டர். அங்கே உட்கார்ந்து ஆல்பம் போடுவது அக்கா. கவுண்டரில் உட்கார்ந்து வாடிக்கையாளரைச் சமாளிப்பது தங்கை. சுவரில் இரண்டு அலமாரி, இடது மூத்தவருக்கு, வலது இளையவருக்கு. கடை ஒன்றானதே தவிர கொள்கை ஒன்றாகவில்லை.

மூத்தவரின் கேமரா பெரியது, கறுப்பு, கனம். அதற்குக் கையால் திருப்பி ஃபோகஸ் செய்யும் லென்ஸ் இரண்டு. ஜூம் லென்ஸ் சோம்பேறிகளுக்கு, கால் உள்ளவன் நடந்துபோய் எடுப்பான் என்பது அவர் கட்சி. கேமராவின் முதுகிலிருக்கும் திரையைப் பார்த்துப் படம் எடுப்பவனை அவர் ஃபோட்டோகிராஃபர் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. “தட்டை நீட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி நிக்கிறான் பாருங்க. கண்ணை வியூஃபைண்டர்ல வச்சுப் பாக்கணும்யா. கண்ணுக்கும் ஆளுக்கும் நடுவுல கண்ணாடியைத் தவிர வேற எதுவும் இருக்கக் கூடாது.”

இளையவரின் கேமரா உள்ளங்கையில் அடங்கிவிடும். சத்தமே வராது. ஆளைக் காட்டினால் அதுவே கண்ணைத் தேடிப் பிடித்துப் பச்சைக் கட்டம் போட்டுவிடும்.

“அந்தச் செங்கல்லைத் தூக்கித் தூக்கித்தான் சகல, உங்க தோள் ஒரு பக்கமா சாஞ்சிருச்சு” என்பார் இளையவர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டே.

“உங்க சோப்பு டப்பா மழையில கரைஞ்சிடாம பாத்துக்கங்க சகல” என்பார் மூத்தவர்.

இது காலையில் கடை திறந்ததும் நடக்கும். மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை நடக்கும். பிறகு மணமகன் வீட்டார் எதிரிலேயே நடந்து, தங்கை தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் செங்கல்லை யாரும் தொடக் கூடாது. தூசி தட்டுவதாக இருந்தாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். கடை தீப்பிடித்தால் முதலில் எதை எடுத்துக்கொண்டு ஓடுவீர்கள் என்று அவரிடம் கேட்க அவர் மனைவிக்குத் துணிச்சல் வந்ததில்லை. பதில் தெரியுமே!

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அது நடந்தது.

ஒரு காலையில் கைக்குழந்தை ஒன்றைப் படம் எடுக்கக் கொண்டுவந்திருந்தார்கள். பொக்கை வாய்ச் சிரிப்பு. மூத்தவர் குனிந்து வியூஃபைண்டரில் கண்ணை வைத்தார். குழந்தை மங்கலாகத் தெரிந்தது. லென்ஸைத் திருப்பினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். மங்கல் கொஞ்சம் கூடியது, கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. சட்டை நுனியால் வியூஃபைண்டரைத் துடைத்தார். லென்ஸைக் கழற்றி ஊதினார். இன்னொரு லென்ஸை மாட்டினார். அதே மங்கல்.

அப்போதுதான் கீழே பார்த்தார். வியூஃபைண்டருக்குள், படத்துக்குக் கீழே, சின்னச் சின்னப் பச்சை எண்கள் வரிசையாகத் தெரியும். எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு வேகம் என்று சொல்லும் எண்கள். அவையும் மங்கலாகத்தான் இருந்தன.

தொழில் தெரியாதவனாக இருந்தால் கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்துப் பேசாமல் போயிருப்பான். இவர் தொழில் தெரிந்தவர், அதனால் கச்சிதமாகக் கணக்குப் போட்டார். லென்ஸில் குறை என்றால் ஆள் மட்டும்தான் மங்கலாகத் தெரிய வேண்டும். எண்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன, அவற்றுக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. எண்களும் மங்கல் என்றால் குறை கேமராவில் இல்லை. பார்க்கிற இடத்தில் இருக்கிறது.

பார்க்கிற இடம் என்றால் அவர் வலது கண்.

அன்று குழந்தையை ஒரு குத்துமதிப்பாக எடுத்து முடித்தார். வீட்டுக்குப் போனதும் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்தார். இடது கண்ணை மூடினார், எழுத்து மங்கல். சரி, வலது கண் போச்சு. வலது கண்ணை மூடினார், அதுவும் மங்கல். ஐயையோ, இரண்டும் போச்சு! அந்த வயதில் எல்லோருக்கும் கிட்டத்து எழுத்து கலங்கும், படிக்கக் கண்ணாடி போட வேண்டும் என்று மனைவி பலமுறை சொல்லியிருந்தாள். கண்ணாடி போட்டால் வியூஃபைண்டரில் இடிக்கும் என்று அவர்தான் மறுத்துக்கொண்டிருந்தார். பயம் பிடித்தவனுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வரும்?

தெருவில் தூரத்துப் பலகையெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அது அவருக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் கொஞ்ச நாள்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

யாரிடமாவது வாயைத் திறந்திருக்கலாம். “சகல, இதுல கொஞ்சம் கண்ணை வச்சுப் பாருங்க, எனக்கு மங்கலா இருக்கு” என்று ஒரு வார்த்தை. சொன்னால் இளையவர் என்ன சொல்வார்? “நான் அப்பவே சொன்னேனே, செங்கல் தேஞ்சுபோச்சு” என்பார். கடை முழுக்கச் சிரிக்கும். இருபது வருஷமாகக் கட்டிக் காத்த மானம் கவுண்டரிலேயே கப்பலேறும். அதை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பொறுக்கவில்லை. என் கேமரா மோசம் என்று ஒப்புக்கொள்வதைவிட என் கண் போய்விட்டது என்று நம்புவது அந்த மனிதருக்குச் சுலபமாக இருந்தது. இப்படியும் ஒரு பிறவி!

அதன் பிறகு வந்த வேலைகளை எல்லாம் ஒப்பேற்றினார். லென்ஸின் மேலிருக்கும் தூரக் கோடுகளைப் பார்த்து, காலால் அளந்து, தோராயமாக வைத்து அமுக்குவார். ஒன்றுக்குப் பத்தாக எடுப்பார், அதில் ஒன்றாவது தேறாதா என்று. முன்பெல்லாம் படம் எடுத்துவிட்டு வரும்போது ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவார். இப்போது உம்மென்று வந்து கேமராவை இடது அலமாரியில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டோ ஃபோகஸ் என்று இளையவர் வேண்டுமென்றே ஒருநாள் உரக்கச் சொல்லிப் பார்த்தார். மூத்தவர் திரும்பக்கூட இல்லை. இளையவருக்கே அது என்னவோபோல ஆகிவிட்டது.

மாடியில் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெரியாமல் எப்படி இருக்கும்? படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பவளே அவள்தான். மணமகனின் கண்ணில் இருக்க வேண்டிய கூர்மை அவன் காதில் இருந்தது. மணமகளின் அம்மா மங்கலாக இருந்தாள், அவளுக்குப் பின்னால் இருந்த நாற்காலி அத்தனை தெளிவாக இருந்தது. முதலில் அவள் வாய் திறக்கவில்லை. தங்கை வீட்டுக்காரர் எடுத்த படங்களிலிருந்து எடுத்துப் போட்டு ஆல்பத்தை நிரப்பினாள். புருஷன் மானம் அவளுக்கும் பெரிதுதான். ஆனால் எத்தனை நாளைக்கு மூடி மறைப்பது? ஒரு மதியம், கடையில் ஆள் இல்லாத நேரம், அவரை மாடிக்குக் கூப்பிட்டாள்.

“இதைப் பாருங்க” என்றாள். திரையில் ஒரு காது.

“காது” என்றார்.

“காதுன்னு எனக்கும் தெரியுது. என்னங்க ஆச்சு உங்களுக்கு? ரெண்டு மாசமா பாக்குறேன். நானும் சரியாயிடும், சரியாயிடும்னு இருக்கேன். லென்ஸ் ஏதாவது கீழே விழுந்துச்சா?”

“கேமராவுக்கு ஒண்ணும் இல்ல” என்றார் சட்டென்று. அந்த நிலைமையிலும் அதற்கு ஒரு சொல் வரக் கூடாது.

“அப்போ?”

அவர் கம்ப்யூட்டர் மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொல்லிவிட்டார்.

“கண்ணு போயிட்டு இருக்கு.”

அவள் பேச்சை நிறுத்த முடியவில்லை. “ரெண்டு மாசமா கண்ணு போகுது, நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? நான் யாரு உங்களுக்கு? பக்கத்து வீட்டுக்காரியா? சோறு போட்டா சாப்பிட்டீங்க, தண்ணி குடுத்தா குடிச்சீங்க, இதைச் சொல்ல மட்டும் வாய் வரலையா?” என்று கத்தினாள். கத்திக்கொண்டே அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, அவர் கண்ணுக்குள் எதையோ தேடுவதுபோலப் பார்த்தாள். பார்த்தால் தெரிந்துவிடுமா என்ன? அவளுக்கும் பயம், அவருக்கும் பயம். இருவரும் அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார்கள்.

“நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்” என்றாள்.

“போலாம். அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு.”

அந்த வேலை என்ன என்று அவள் கேட்கவில்லை. அவர் நேரே கீழே இறங்கி வந்தார். இடது அலமாரியைத் திறந்து, கேமராவையும் இரண்டு லென்ஸையும் எடுத்துப் பையில் வைத்தார். படம் எடுக்கும் அறையில் இளையவர் குடை விளக்கை மடக்கிக்கொண்டிருந்தார். மூத்தவர் பையை அவர் முன்னால் நீட்டினார்.

“சகல, இதை நீங்க வச்சுக்கங்க.”

இளையவர் சிரித்தார். ஏதோ புதுவிதமான கிண்டல் என்று நினைத்தார். “என்ன சகல, வீடு கட்டப் போறீங்களா, செங்கல் மிஞ்சிடுச்சா?”

“என்னால இனிமே முடியாது. கண்ணு சரியில்ல. வியூஃபைண்டர்ல எதுவுமே தெளிவா இல்ல.” குரல் உடையாமல் பார்த்துக்கொண்டார். “வெளியாள் கிட்ட குடுத்தா கண்டபடி வச்சுக் கெடுத்துடுவான். நீங்க திட்டுவீங்களே தவிர, கெடுக்க மாட்டீங்க. எனக்குத் தெரியும்.”

இளையவர் முகத்தில் ஈயாடவில்லை. நீட்டிய பையை அவர் வாங்கவில்லை, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், சின்னப்பிள்ளை மருந்துக்கு மாட்டேன் என்பதுபோல. “எனக்கு வேண்டாம் சகல. சத்தியமா வேண்டாம். உங்க கண்ணுக்கு ஒண்ணும் இருக்காது. முதல்ல டாக்டரைப் பாப்போம். காலையில நானே காரை எடுத்துட்டு வரேன்” என்றார். அவ்வளவு பயந்துபோய் அவரை யாரும் பார்த்ததில்லை. தன்மேல் இவ்வளவு பாசமா என்று மூத்தவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இளையவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மூத்தவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். எந்தத் தூரத்தில் எவ்வளவு மங்கல் என்று டாக்டருக்குச் செய்து காட்டப் போகிறாராம். மனைவியும் கூடப் போனாள்.

கண் டாக்டரம்மா சிரிப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற ரகம். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னாள். கடைசி வரி வரைக்கும் படித்தார். “அது தூரம் டாக்டர், தூரம் நல்லாத்தான் தெரியும்” என்று இவரே தன் கட்சிக்கு எதிராக வாதாடினார். சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா விரியும்வரை உட்கார வைத்தார்கள். பிறகு தாடையை வைத்துப் பார்க்கும் மிஷினில் உட்கார வைத்து, கண்ணுக்குள் விளக்கடித்து, மேலே பார், கீழே பார், இடது பார், வலது பார் என்று ஒரு மூலை விடாமல் பார்த்தாள்.

“நரம்பு நல்லா இருக்கு. புரை இல்ல. பிரஷர் சரியா இருக்கு. படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போடணும். அதை நீங்க அஞ்சு வருஷம் முன்னாடியே போட்டிருக்கணும்” என்றாள்.

“அப்போ மங்கல்?”

“எந்த மங்கல்?”

அவர் பையைத் திறந்து கேமராவை எடுத்தார். நடந்ததை முழுதாகச் சொன்னார். லென்ஸ் மாற்றிப் பார்த்தது, எண்களும் மங்கியது, ஆகவே குறை கண்ணில்தான் என்று கண்டுபிடித்தது, எல்லாம். சொல்லும்போது அந்தக் கணக்கின் நேர்த்தியில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டாக்டரம்மா கையை நீட்டினாள். அவர் தயங்கினார். “குடுங்க” என்று மனைவி அவர் விலாவில் இடித்தாள். கொடுத்தார்.

டாக்டரம்மா கண்ணை வைத்துப் பார்த்தாள். “எனக்கும் மங்கலாத்தான் இருக்கு” என்றாள். “என் கண்ணு நல்ல கண்ணு. இதுல பாக்கிறவங்க கண்ணுக்குத் தகுந்த மாதிரி திருப்பிக்கிற சக்கரம் எங்க இருக்கு?”

“என்ன சக்கரம்?”

“என் மிஷின்ல இங்க இருக்கு பாருங்க” என்று அந்தத் தாடை மிஷினின் பார்வைக் குழாயைக் காட்டினாள். “சாயங்காலம் இன்னொரு டாக்டர் இதுல உட்காருவார். அவர் கண்ணாடி போடுறவர். கழட்டிட்டு, அவர் கண்ணுக்குத் திருப்பி வச்சுப்பார். காலையில நான் வந்து என் கண்ணுக்குத் திருப்பிக்கணும். மறந்தேன்னா வர்ற நோயாளி எல்லாருக்கும் புரை இருக்கிற மாதிரி தெரியும். உங்க கேமராவுல அது இல்லையா?”

மூத்த மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். இருக்கிறது. வியூஃபைண்டரின் வலது பக்கத்தில், ரப்பருக்குக் கீழே, மிளகு அளவுக்கு ஒரு சக்கரம் இருக்கிறது. கேமரா வாங்கிய அன்று திருப்பினார். தன் கண்ணுக்குச் சரியாக வைத்தார். அதோடு அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோனார். வேறு யாரும் தொடாத கேமராவில் அது எதற்கு ஞாபகம் இருக்க வேண்டும்?

“அதை... யாரும்...” என்றார்.

“யாரோ திருப்பியிருக்காங்க. இல்லைன்னா பையில உரசித் திரும்பியிருக்கும். சாயங்காலம் மருந்து இறங்கினதும் நீங்களே திருப்பிப் பாருங்க. இப்போ திருப்பிப் பிரயோஜனம் இல்ல, உங்க கண்ணு இப்போ எதையும் நம்பாது.”

அறையை விட்டு வெளியே வந்ததும் மனைவி சுவரோரமாக நின்று, “கண்ணுக்கு ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள்.

“ஒண்ணும் இல்ல.”

“முழுசா சொல்லுங்க.”

“நரம்பு நல்லா இருக்கு. புரை இல்ல. பிரஷர் சரியா இருக்கு.” சொல்லச் சொல்ல அவருக்கே போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் மனசின் ஒரு மூலை நம்ப மறுத்தது. சாயங்காலம் திருப்பிப் பார்த்து, அப்போதும் மங்கலாகவே இருந்தால்?

காரில் ஏறினார்கள். மூத்தவருக்கு வெயில் கண்ணைக் குத்தியது. கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். மனைவி பின் சீட்டிலிருந்து நடந்ததெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். “யாரோ அந்தச் சக்கரத்தைத் திருப்பியிருக்காங்களாம் தம்பி! அதை யாரு தொட்டிருப்பா சொல்லுங்க?”

இளையவர் காரைக் கிளப்பவில்லை. சாவியில் வைத்த கை அப்படியே இருந்தது.

“தம்பி?”

“நான்தான் அக்கா” என்றார்.

கைக்குட்டை கீழே இறங்கியது. மூத்தவருக்கு எதிரே இருந்தது எல்லாம் வெள்ளை வெளிச்சமாகத் தெரிந்தது. அதில் சகலையின் முகம் எங்கோ ஒரு கலங்கலாக இருந்தது.

“நீங்க மதியம் சாப்பிடப் போவீங்கல்ல, அப்போ எடுப்பேன்” என்றார் இளையவர். தலை நிமிரவில்லை. “கண்ணாடியைக் கழட்டிட்டு, அந்தச் சக்கரத்தை என் கண்ணுக்கு வச்சுக்கிட்டு, ரெண்டு படம் எடுப்பேன். அப்புறம் படத்தை அழிச்சிட்டு, சக்கரத்தைத் திருப்பி உங்க அளவுக்கு வச்சிடுவேன். எங்க இருக்கணும்னு எனக்குத் தெரியும். ரெண்டு மாசம் முன்னாடி ஒருநாள் நீங்க சீக்கிரமா வந்துட்டீங்க. படத்தை அழிக்க மட்டும்தான் நேரம் இருந்துச்சு. அதுக்கப்புறம் நீங்க அதை விட்டு நகரவே இல்ல, நானும் சக்கரத்தை மறந்தே போயிட்டேன்.”

“எத்தனை நாளா இது நடக்குது?” என்று கேட்டாள் மனைவி.

“அவர் அதை வாங்கின வருஷத்துலேருந்து.”

இளையவர் மேலும் சொன்னார். “நேத்து நீங்க பையை நீட்டினப்போகூட எனக்கு இது தோணவே இல்ல சகல. கண்ணு கண்ணுன்னு சொன்னீங்களா, எனக்கு வேற எதுவும் ஓடல. திருட்டுத்தனமா தொட்டதை என் கையிலயே குடுக்கிறாரே, சாமிக் குத்தம் மாதிரி இருக்கேன்னுதான் வாங்காம நின்னேன். என்னைத் திட்டுங்க சகல. அடிச்சாக்கூட வாங்கிக்கிறேன்.”

மூத்தவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும். இரண்டு மாசம்! எத்தனை தூக்கம் போயிருக்கும், எத்தனை காது படமெடுத்திருப்பார்! கோபத்தைத் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. சகலை தொட்டது உண்மை என்றால் டாக்டர் சொன்னது உண்மை. டாக்டர் சொன்னது உண்மை என்றால் கண்ணுக்கு ஒன்றுமில்லை. இவ்வளவு நல்ல செய்தியைச் சொன்னவனை எப்படித் திட்டுவது?

“அன்னைக்கு என்ன எடுத்தீங்க?” என்றார்.

“எதிர்க்கடைப் படிக்கட்டு. அதுல ஒரு பொம்பளை செருப்பைக் கழட்டிட்டுக் காலைத் தேச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.”

“நல்லா வந்துச்சா?”

இளையவர் பதில் சொல்ல நேரமானது. இருபது வருஷத்துக் கட்சியை அந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டுமே! “ரொம்ப நல்லா வந்துச்சு சகல” என்றார் கடைசியில். “என் கேமராவுல அந்த மாதிரி வராது. அழிக்க மனசு வராமத்தான் பாத்துக்கிட்டே உட்கார்ந்துட்டேன். இல்லைன்னா சக்கரத்தைத் திருப்பி வச்சிருப்பேன்.”

மூத்தவர் சிரித்தார். முதலில் மூக்கால் வந்தது, பிறகு வயிற்றிலிருந்து வந்தது, பிறகு அடக்கவே முடியவில்லை. இளையவரும் அசடு வழிந்துகொண்டே சேர்ந்துகொண்டார். பின் சீட்டில் இருந்தவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“சிரிங்க, நல்லா சிரிங்க” என்றாள். “கேமரா நல்லா இருக்குன்னு சொல்ல இவருக்கு வாய் வரல. கேமராவுல ஏதோ கோளாறுன்னு சொல்ல அவருக்கு வாய் வரல. ரெண்டு பேர் கௌரவத்துக்கும் நடுவுல நான்தான் செத்துப் பொழைச்சேன். ஃபோட்டோ புடிக்கிறாங்களாம் ஃபோட்டோ! காரை எடுங்க தம்பி.”

கார் கிளம்பியது.

சாயங்காலம் கடைக்குள் நான்கு பேரும் கூடினார்கள். விஷயம் தெரிந்ததிலிருந்து தங்கை தன் வீட்டுக்காரரோடு பேசவில்லை. வாடிக்கையாளர் யாரும் வந்து தொலைக்கக் கூடாது என்று கதவில் ‘மூடியிருக்கிறது’ என்ற பலகையைத் திருப்பி மாட்டினாள். மூத்தவர் கேமராவை எடுத்து நடு அறையில் நின்றார். மத்தியானம் சிரித்த சிரிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“நீ அங்க போய் நில்லு” என்று மனைவியிடம் சொன்னார்.

“நான் எதுக்கு? என் மூஞ்சி அழுது வீங்கிக் கிடக்கு.”

“நில்லு.”

அவள் சாம்பல் திரைக்கு முன்னால் போய் நின்றாள். அவர் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தார். மங்கல். வலது கட்டைவிரலால் ரப்பருக்குக் கீழே தடவி அந்தச் சக்கரத்தைத் தேடினார். ஒரு பல் திருப்பினார். மங்கல். இன்னொரு பல். இளையவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒரு பல் திருப்பியதும் கீழே பச்சைப் பூச்சிபோலக் கலங்கித் தெரிந்தது ஒன்று பிரிந்து, எண்ணாகியது. அடுத்த பல்லில் எல்லா எண்களும் வரிசையாகப் பளிச்சென்று நின்றன. அதன் பிறகு இடது கையால் லென்ஸை மெதுவாகத் திருப்பினார்.

“தெரியுதா?” என்றாள் மனைவி.

“தெரியுது.”

“நிஜமாவா? எனக்காகச் சொல்லாதீங்க.”

“உன் இடது புருவத்துல ஒரு நரை முடி இருக்கு” என்றார்.

“அது போன வருஷமே வந்துடுச்சு” என்றாள் அவள். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இத்தனை நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சத்தம் போட்டு அழுது தீர்த்தாள். மூத்தவர் கேமராவைப் பார்க்காமலே சகலையின் கையில் திணித்துவிட்டு அவளிடம் போனார்.